கதைத்துக்கொண்டு நடந்தவர்கள்

அன்ரோனெற்றுக்கு முதலில் நொந்தது தாடை. கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்துவிட்டது என்று நினைத்துக் கராம்பு வைத்துக் கடித்தாள். அடுத்த நாள் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, யாரோ கல்லை வைத்து அமத்துவது போல இருந்தது. அது வாய்வு என்று தானே முடிவு கட்டி, இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தாள். தாழ்வுபாட்டுக் கரையில் அது சூடை மீன் அள்ளிக்கொண்டு வந்த கிழமை. வெயில் இருக்கும்போதே உப்பிலிருந்து மீனை எடுத்து, கழுவி, மணலில் விரித்த பழைய வலைமேல் பரப்பித் திருப்பிவிட வேண்டும். ஐம்பத்துமூன்று வயதுவரை அவள் அந்த வேலையை ஒரு நாளும் பாதியில் விட்டவளல்ல. மூன்றாம் நாள் காலை பத்து மணிபோலக் குனிந்த இடத்தில் கண் இருண்டது. உடம்பு முழுக்க வியர்த்து, குடித்த தேத்தண்ணி வெளியே வந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு எழும்பி, மிச்ச மீனையும் பரப்பி முடித்தாள்.

அவளைக் காப்பாற்றியவர் ஓட்டோக்கார ஜமால்தீன். வீட்டுக்குக் கருவாடு வாங்க வந்தவர், அவளுடைய முகத்தைப் பார்த்ததும் கருவாட்டை மறந்துவிட்டார். ஏறச் சொன்னார். அவள் வாய்வு என்றாள். வாய்வென்றாலும் ஏறுங்கோ என்றார். மீன் கிடக்கிறது, வெயில் போய்விடும் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கையைப் பிடித்து ஏற்றி, மன்னார் ஆஸ்பத்திரி வாசலில்தான் நிறுத்தினார். அன்றைக்குப் பின்னேரமே அம்புலன்சில் யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். மணிக்கட்டு வழியாக வயர் விட்டு, அடைத்திருந்த குழாயில் சின்ன வலைக்கம்பி ஒன்றை வைத்தார்கள். கொஞ்சம் பிந்தியிருந்தால் கதை முடிந்திருக்கும் என்று டொக்ரர் சொன்னார். எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள்.

யுத்தம் முடிந்து ஒன்பது வருடம் கழித்து நடந்தது இது. இடப்பெயர்வுக் காலத்தில் பிள்ளையை இடுப்பிலும் அரிசியைத் தலையிலும் வைத்துக்கொண்டு காடு தாண்டியவள் அவள். அப்போதெல்லாம் தனக்குள் இதயம் என்று ஒன்று அடித்துக்கொண்டிருப்பதை அவள் நினைத்துப் பார்த்ததேயில்லை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வீட்டில் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் பெரிய தொல்லையாகப் போனது. கணவர் அம்புறோஸ் கடலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டு, வள்ளத்தை மகன் வலன்ரைனிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றார். மருமகள் பெற்றிசியா கறிச்சட்டியிலிருந்து உப்பையும், அலுமாரிக்கு மேலிருந்த கனமான பெட்டிகளையும், மாமியின் கையிலிருந்து அகப்பையையும் எடுத்துவிட்டாள். அன்ரோனெற் கிணற்றடிக்குப் போனால் ஒருத்தர் பின்னால் வந்தார். வாளியைத் தொட்டால் பறித்தார். மாதா சபைப் பெண்கள் சூப் கொண்டுவந்தார்கள், செபமாலை சொன்னார்கள், பிறகு தாழ்ந்த குரலில், இதே வருத்தத்தில் திடீரென்று போனவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொருத்தராக நினைவுபடுத்திக்கொண்டார்கள். அவர்கள் போனபின் அவள் எழும்பி முற்றத்தைச் சுற்றுவாள். உள்ளே வருவாள். படுப்பாள். படுத்த உடனே எழும்புவாள். இடப்பக்கம் சரிந்தால் தலையணைக்குள் இதயம் டக் டக்கென்று கேட்டது. கேட்டால் அடுத்தது அடிக்குமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. கேட்காவிட்டால் இன்னும் மோசம்.

யாருக்கும் அதைச் சொல்ல முடியவில்லை. அம்புறோசிடம் சொன்னால் மனிசன் இடிந்து போவார். பெற்றிசியாவிடம் சொன்னால் இன்னும் நாலு சாமான் பறிபோகும். அதனால் ஒன்றுக்கும் உதவாத விஷயங்களுக்குச் சண்டை பிடித்தாள். மீனைச் சரியாகத் திருப்பவில்லை, வலையில் மண் ஏறிக் கிடக்கிறது, காகம் கொத்துகிறது என்று வாசலில் நின்றே பெற்றிசியாவை ஏசினாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் நேரே மணலுக்குப் போய்க் குனிந்து மீனைத் திருப்பத் தொடங்கினாள். அம்புறோஸ் ஓடிவந்து, நாலு வீட்டுச் சனம் பார்க்கத்தக்கதாக, சாகிறதென்றால் சொல்லிப்போட்டுச் சா என்று கத்தினார். முப்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் அப்படிக் கத்தியதில்லை. கத்திவிட்டு, அவள் பாதியில் விட்ட மீனைத் தானே குனிந்து திருப்பினார். அன்ரோனெற் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

ஒக்ரோபரில் மன்னாரில் முதல் கிளினிக். பெற்றிசியா மருந்தெடுக்கிற வரிசையில் நின்றாள். நீண்ட வாங்கில் அன்ரோனெற் தன் இலக்கத் துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தாள். பக்கத்தில் இருந்த மனிசிக்கு அறுபது வயதிருக்கும். வெயிலில் கறுத்த ஒல்லி உடம்பு, நெற்றியில் திருநீறு, மடியில் ஒரு துணிப்பை. கொஞ்ச நேரம் அன்ரோனெற்றின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"இடப்பக்கம் சரிஞ்சு படுக்கேலாமக் கிடக்கோ, தங்கச்சி?"

 இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. அன்ரோனெற் ஓம் என்று தலையை ஆட்டினாள். ஆட்டியதோடு கண்ணீர் வந்துவிட்டது. அந்த மனிசி அழ வேண்டாம் என்றோ கடவுள் இருக்கிறார் என்றோ சொல்லவில்லை. தனக்கும் அப்படித்தான், நாலு மாதம் ஆகிறது, இப்போது கொஞ்சம் பரவாயில்லை, வலப்பக்கம் தலையணையை அணைத்துக்கொண்டு படுத்துப் பாருங்கோ என்று, மாட்டுக்கு வைத்தியம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

அவள் பெயர் சிவபாக்கியம். முருங்கனுக்கு உள்ளே, கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் பக்கத்து ஊர். நெல்லுக்காரி. கணவர் இல்லை. மகன் சிங்கராசாவோடும் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் மகளோடும் இருக்கிறாள். தான் நெல் காயப்போடுகிறவள் என்று அவளும், தான் மீன் காயப்போடுகிறவள் என்று இவளும் சொல்லிக்கொண்டபோது இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு பேச்சு தடங்கலில்லாமல் ஓடியது. மழை இருட்டு எந்தப் பக்கத்தில் கட்டினால் எவ்வளவு நேரம் இருக்கிறது, ஈரத்தோடு அள்ளினால் எத்தனை நாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதெல்லாம் இரண்டு பேருக்கும் ஒரே கணக்குத்தான்.

அன்றைக்குக் கிளினிக்கில் இருந்த தாதி இராசேஸ்வரி மிஸ் இரண்டு பேரையும் சேர்த்து வைத்தே சொன்னார்: சும்மா படுத்துக் கிடக்கக்கூடாது, தினமும் நடக்க வேண்டும். முதல் கிழமை பத்து நிமிடம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நெஞ்சு இறுக்கினால் உடனே நின்று, இருந்து, நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசையை வைக்க வேண்டும். எவ்வளவு வேகம் என்று அன்ரோனெற் கேட்டாள். "பக்கத்தில ஒராளோட கதைச்சுக்கொண்டு நடக்கக்கூடிய வேகம். மூச்சு வாங்கிக் கதை நிண்டுதெண்டால் அது கூட" என்றார் மிஸ்.

பெற்றிசியா மருந்தோடு வந்தபோது மிஸ் உள்ளே போய்விட்டார். நடக்கச் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. மாமி தனக்கு ஏற்றமாதிரிக் கதை கட்டுகிறார் என்று பெற்றிசியா சொன்னாள். ஓய்வெடுக்கச் சொல்லி யாழ்ப்பாணத்தில் டொக்ரர் சொன்னதைத் தன் காதால் கேட்டதாக அம்புறோஸ் சொன்னார்.

கிளினிக்கில் வாங்கிக்கொண்டுபோன இலக்கத்துக்கு அடுத்த நாள் சிவபாக்கியம் போன் எடுத்தாள். தன்னோடு நடக்கவும் ஆளில்லை, தனியே நடந்தால் வேகம் தெரியவில்லை என்றாள்.

"காலமை ஆறு மணிக்கு நான் வாய்க்கால் கட்டில ஏறுவன். நீங்கள் கடற்கரையில இறங்குங்கோ. போனைக் காதில வைச்சுக்கொண்டு நடப்பம். கதை நிண்டால் ரெண்டுபேரும் நிப்பம்."

அப்படித்தான் தொடங்கியது. இடையில் பாலமும் உப்பளமும் பதினைந்து மைல் தெருவும் கிடக்க, இரண்டு பெண்கள் சேர்ந்து நடந்தார்கள். பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அன்ரோனெற் கோயில் மதிலைத் தாண்டிக் கரையில் இறங்குவாள். அவளுடைய காதுக்குள் வாய்க்கால் மதகுத் துருசு வழியாகத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கும். மயில் அகவும். ஆறேகாலுக்கு அரிசி ஆலை தொடங்கும். நடை கூடினபிறகு அதுதான் சிவபாக்கியம் திரும்புகிற இடம். சிவபாக்கியத்துக்கு இந்தப் பக்கத்து எஞ்சின் வள்ளங்கள் கேட்கும். அது எந்த வள்ளம், மீன் பட்டிருக்கிறதா என்று கேட்பாள். கடலை அவள் வாழ்நாளில் இரண்டு தரந்தான் பார்த்திருந்தாள்.

பத்து நிமிடம் பதினைந்தானது. மார்கழி மழைக்குள்ளும் குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மாசி பிறக்க முன்பே அரைமணித்தியாலம் வந்துவிட்டது. குளிசை போட்டாச்சோ என்பதுதான் தினமும் முதல் கேள்வி. பிறகு எதையெல்லாமோ கதைத்தார்கள். சாவதைப் பற்றிச் சாதாரணமாகக் கதைத்தார்கள். மாடிப்படி ஏறுகிற கனவு இரண்டு பேருக்கும் வந்திருந்தது. இரண்டு பேர் வீட்டிலும் மாடி இல்லை. இடம்பெயர்ந்து ஓடின காலத்தைப் பற்றி ஒருநாள் பேச்சு வந்தபோது, அப்ப எவ்வளவு ஓடினம், அப்ப ஒண்டும் சொல்லாமல் இருந்துபோட்டு இப்பதானே வாயைத் திறக்குது என்று சிவபாக்கியம் தன் நெஞ்சைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியைப் பேசுகிற மாதிரிப் பேசினாள். அன்ரோனெற் மணலில் நின்று வயிறு நோகச் சிரித்தாள். வள்ளத்தில் வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்புறோசின் மனிசிக்கு மண்டை பிசகிவிட்டது, கடலோடு தனியே கதைக்கிறாள் என்று ஊரில் பேச்சு எழும்பியது. அம்புறோசுக்கு அது எட்டாமல் இருக்குமா? ஆனால் அவர் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி சண்டை வந்து, அந்தச் சண்டையில் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தார். கோயில் மதிலோடு நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, அவள் வருவதற்கு முன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சிவபாக்கியத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. புதன்கிழமை அதுவும் இல்லை. தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு குரல் மூன்று மொழியிலும் சொன்னது. அன்ரோனெற் தனியே நடந்து பார்த்தாள். மெதுவாக நடக்கிறாளா கெதியாக நடக்கிறாளா என்று பிடிபடவில்லை. பாதியில் திரும்பிவிட்டாள். அன்று முழுதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். அறுவடைக் காலம், வயலில் நிற்பாள் என்று தனக்கே சொன்னாள். ஆறு மணிக்கு என்ன வயல் என்று தானே மறுத்தாள். வியாழக்கிழமை காலை அம்புறோசிடம் முழுக்கதையையும் சொல்லி, தன்னை முருங்கனுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். முகம் தெரியாத மனிசிக்காக நீ பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவதோ என்று அவர் மறுத்துவிட்டார். நாளைக்குத் தானே போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு, கிழிந்த வலை பொத்தப் போனார்.

நாளைவரை இருக்க அவளால் ஏலவில்லை. ஒன்பது மணிக்குச் சீலை மாற்றி, குளிசைகளைப் பையில் போட்டு, கோயிலுக்குப் போவதாகப் பெற்றிசியாவிடம் சொல்லிவிட்டு, ஜமால்தீனைக் கூப்பிட்டு பஸ் நிலையத்துக்குப் போனாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலம் தாண்டும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. நெஞ்சு இறுக்கியது. இது பயமா, நெஞ்சு வருத்தமா? அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசையை எடுத்துக் கைக்குள் பொத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த பெண்ணோடு வலியப் பேச்சுக் கொடுத்தாள். மகளைப் பார்க்கப் போகிறீர்களோ, எத்தனை பிள்ளைகள், இந்தமுறை விளைச்சல் எப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாள். பேச்சு நிற்கவில்லை. மூச்சும் நிற்கவில்லை. கொஞ்சத்தில் இறுக்கம் விட்டது.

முருங்கனில் இறங்கினபிறகுதான் சிவபாக்கியத்தின் விலாசம் தனக்குத் தெரியாது என்பது உறைத்தது. ஓட்டோக்காரர் ஒருவரிடம், அரிசி ஆலைக்குக் கிட்ட, துருசும் வாய்க்காலும் உள்ள இடம், மயில் நிற்கும் என்று சொன்னாள். மயில் இல்லாத இடம் இங்கே எது என்று அவர் சிரித்தார். ஆனாலும் ஆலையடிக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்த கடையில், நெஞ்சு வருத்தக்காரச் சிவபாக்கியத்தின் வீடு எது என்று விசாரித்தாள்.

அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்றார் கடைக்காரர். சிங்கராசாவின் தாய் சிவபாக்கியம் ஒருத்தி இருக்கிறா, அவவுக்கு ஒரு வருத்தமுமில்லை, வயிற்றில் அல்சர் மட்டுந்தான், அந்தா தெருவில் நெல்லுக் காயப்போட்டுக்கொண்டு நிற்கிறா என்று கையைக் காட்டினார்.

தார் வீதியின் ஒரு பக்கம் முழுக்க நெல். பதினொரு மணி வெயில். சிவபாக்கியம் வெறுங்காலால் நெல்லை அளைந்து திருப்பிக்கொண்டு வந்தாள். அன்ரோனெற்றைக் கண்டதும் நின்றாள். சந்தோஷப்படவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கை தாடையைப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலமை போன் வீட்டில் கிடந்ததாம், பின்னேரம் வாய்க்காலுக்குள் விழுந்துவிட்டதாம். அவ்வளவுதானாம். அவசரப்பட்டு வந்ததற்கு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகச் சொன்னாள். அன்ரோனெற் குளிசை போட்டாச்சோ என்று கேட்டாள். சிவபாக்கியம் நெல்லைப் பார்த்தாள். குளிசை முடிந்து பத்து நாள். வெட்டு மெஷின் வருகிற நாளில் கிளினிக் விழுந்துவிட்டது, வயலை விட்டுப் போக முடியவில்லை.

"தாடையில என்னக்கா?"

"பல்லுக்குத்து. மூண்டு நாளாக் கிடக்கு. முதுகும் உளையுது, நெல்லு மூட்டை பிடிச்சது."

 அன்ரோனெற்றுக்குக் கராம்பு வைத்துக் கடித்த தன்னுடைய பல் ஞாபகம் வந்தது. இத்தனை மாதமும் காதுக்குள் இருந்து தன்னைத் தேற்றிய மனிசி, தன் வீட்டில் ஒருத்தருக்கும் எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் முழுதாக விளங்கியது. மகனுக்கு அல்சர் என்று சொல்லியிருக்கிறாள். கிளினிக்குக்குத் தனியே போய் வந்திருக்கிறாள். நெஞ்சு வருத்தம் என்று தெரிந்தால் சிங்கராசா குத்தகை வயலை விட்டுவிடுவான், மகளைக் கேட்டு வந்தவர்கள் பரம்பரை வருத்தம் என்று பின்வாங்குவார்கள். எல்லாவற்றையும் ஏற்கனவே யோசித்து முடித்து வைத்திருந்தாள். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் என்று அன்ரோனெற்றின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த கை குளிர்ந்து ஈரமாக இருந்தது.

அந்தக் கையை உதறிவிட்டு அன்ரோனெற் வயல் பக்கம் திரும்பிச் சிங்கராசா என்று கூப்பிட்டாள். அவள் ஒருநாளும் காணாத மனிசன். உழவு இயந்திரத்தோடு நின்றவன் யாரோ என்னவோ என்று வந்தான்.

"தம்பி, உங்கட அம்மாவுக்கு அல்சர் இல்லை. நெஞ்சு வருத்தம். போன வருசம் அவவுக்கு வந்தது அற்றாக். பத்து நாளாக் குளிசை இல்லை. இப்ப, இந்த நிமிசம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

சிவபாக்கியம் அவளைப் பார்த்த பார்வையை அன்ரோனெற் பிறகு கனநாள் மறக்கவில்லை. தெருவில் நெல் அளைந்துகொண்டு நின்ற மற்றப் பெண்களும் கேட்டுவிட்டார்கள். என்ரை வீட்டு அலுவலை நடுத்தெருவில வைக்க நீ ஆர் என்று சிவபாக்கியம் கேட்டாள். முதல்முறையாக நீ என்றாள். அதைச் சொல்லி முடிக்க மூச்சுக் காணாமல் நெல்லின் மேலேயே குந்திவிட்டாள். அன்ரோனெற் கைக்குள் இருந்த குளிசையை அவளுடைய நாக்குக்கு அடியில் வைத்தாள்.

அந்த நேரம் தெருவில் போன ஓட்டோவை மறித்து முருங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அம்புலன்சில் மன்னாருக்கு. இன்னும் அடைக்கவில்லை, அடைக்கப் போகிற நிலை என்று அங்கே டொக்ரர் சொன்னார். ஊசி ஏற்றி உள்ளே வைத்துக்கொண்டார்கள். சிங்கராசா வெளியே சுவரோடு சாய்ந்து நின்றான். கால் முழுக்கச் சேறு. தனக்கு ஏன் சொல்லவில்லை, தான் என்ன பிழை விட்டான் என்று அன்ரோனெற்றிடம் இரண்டு தரம் கேட்டான். அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொன்னால் தன் வீட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும் போலிருந்தது.

அம்புறோஸ் வந்தபோது நாலு மணி. பெற்றிசியா கோயிலில் தேடி, ஜமால்தீனைப் பிடித்து, அவர் முருங்கன் ஓட்டோக்காரர்களிடம் போனில் விசாரித்து, கதை வெளிவந்திருக்கிறது. மனிசன் சாரத்தோடு, ஒரு சேட்டை உள்வெளியாகப் போட்டுக்கொண்டு, வலை ஊசி இன்னும் கையில் இருக்க, ஆஸ்பத்திரி விறாந்தையில் ஓடிவந்தார். அவள் தானாக ஒரு வாங்கில் இருப்பதைக் கண்டதும் நின்றார். ஏசப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் வந்து பக்கத்தில் இருந்தார்.

"இஞ்சேருங்கோ," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "எனக்குப் பயமாக் கிடக்கு. வீட்டுக்கு வந்த நாளில இருந்து ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கு. நீங்கள் வாளியைப் பறிச்சால் அது போகாது."

அம்புறோஸ் வலை ஊசியை உருட்டிக்கொண்டு இருந்தார். "எனக்கும்தான்" என்றார். "நீ மூச்சு விடுறியோ எண்டு பாத்துப் பாத்தே விடியுது. நீ கடற்கரையில நடக்கிறதும் தெரியும். மதிலடியில நிண்டு பாக்கிறனான்."

ஏன் வந்து கூட நடக்கவில்லை என்று அவள் கேட்டாள். கேட்டிருந்தால் வந்திருப்பேன் என்றார். இதையெல்லாம் கேட்டுத்தானோ செய்ய வேண்டும் என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அது பழைய கோபமல்ல. வீடு போய்ச் சேரும்வரை அவரோடு வாக்குவாதப்பட்டுக்கொண்டே போக முடிந்தது.

சிவபாக்கியத்தை யாழ்ப்பாணம் கொண்டுபோய் அவளுக்கும் வலைக்கம்பி வைத்தார்கள். உயிர் தப்பினாள். அன்ரோனெற்றோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அன்ரோனெற் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பயந்தது போலவே நடந்தது: மகளைக் கேட்டிருந்தவர்கள் நாளைக் கடத்தி, பிறகு வேறிடம் பார்த்துவிட்டார்கள். சிங்கராசா போனில் அதைச் சொன்ன அன்றைக்கு அன்ரோனெற்றுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு பிள்ளையின் வாழ்வைக் கெடுத்துவிட்டேனோ என்று பெற்றிசியாவிடம் கேட்டாள். அந்தத் தாய் இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு என்ன வாழ்வு, மாமி என்று பெற்றிசியா திருப்பிக் கேட்டாள். அவளிடம் இப்படியெல்லாம் பேச்சிருக்கிறது என்று மாமிக்கு அதுவரை தெரியாது. அடுத்த கிளினிக்குக்குப் பெற்றிசியா வரிசையை விட்டுவந்து, இராசேஸ்வரி மிஸ் சொல்வதை முழுக்க நின்று கேட்டாள். நடக்கலாம், சமைக்கலாம், குனிந்து நிமிர்ந்து லேசான வேலை செய்யலாம், பாரம் தூக்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் அகப்பையைத் திருப்பிக் கொடுத்தாள். உப்பைக் கொடுக்கவில்லை.

அன்ரோனெற் அம்புறோசோடு நடந்து பார்த்தாள். அவர் வாய் பேசாத மனிசன். அவரோடு வேகம் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. ஆறேகாலுக்கு, ஆலை தொடங்குகிற நேரத்தில், தன்னை அறியாமல் நிற்பாள். ஏன் நிற்கிறாய் என்று அவர் கேட்பார்.

பங்குனி முடிகிற தறுவாயில் ஒரு காலை, ஆறு மணிக்கு, தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது. மகன் வாங்கிக் கொடுத்த புதுப் போன். சிவபாக்கியம் சுகம் விசாரிக்கவில்லை. நடந்துகொண்டே ஏசத் தொடங்கினாள். தெருவில் வைத்துக் கத்தியதற்கு ஏசினாள். சம்பந்தம் போனதற்கு ஏசினாள். இப்போது ஊர்ப் பெண்கள் சூப் கொண்டுவந்து உயிரை எடுக்கிறார்கள், மகன் வாய்க்கால் கட்டில் பின்னாலேயே வருகிறான், இதெல்லாம் உன்னால்தான் என்று ஏசினாள். அன்ரோனெற் ஓம் அக்கா, ஓம் அக்கா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். இருபத்தைந்து நிமிடம் அந்த ஏச்சு ஓரிடத்திலும் மூச்சு வாங்கி நிற்கவில்லை. அது தெரிந்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுவது கேட்டுவிடக்கூடாது என்று போனைக் கொஞ்சம் விலத்திப் பிடித்தாள்.

கடைசியில், "குளிசை போட்டாச்சோ?" என்று கேட்டாள் சிவபாக்கியம். கேட்ட கையோடு போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கிளினிக் நாட்களில் அவர்கள் இருவரும் நேரத்துக்கு முன்பே வந்து மரத்தடியில் இருப்பார்கள். தனியே வந்திருக்கும் பெண்களைச் சிவபாக்கியம் கண்ணாலேயே பிடித்துவிடுவாள். கொண்டச்சியிலிருந்து மஹ்மூது என்பவருடைய மனைவி வந்து சேர்ந்தாள்; அரிப்பிலிருந்து ஒரு ரீச்சர். போன் இலக்கங்கள் கைமாறின. நோன்பு நாளில் குளிசையை எப்போது போடுவது என்று ஒருத்தி கேட்டாள். உறவு கொள்ளலாமோ என்று இன்னொருத்தி காதோடு கேட்டாள். தெரியாததை இராசேஸ்வரி மிஸ்ஸிடம் கேட்டுச் சொன்னார்கள். அதைச் சங்கம் என்றோ குழு என்றோ யாரும் பெயர் வைக்கவில்லை.

அன்ரோனெற் மணலுக்குத் திரும்பிப் போனாள். மீனை உப்பிலிருந்து தூக்குவது அம்புறோஸ், திருப்புவது அவள். பயம் முழுதாகப் போய்விட்டதென்று சொல்ல முடியாது. காற்று மாறுகிற நாட்களில், சும்மா இருக்கிற மத்தியானங்களில், இன்னும் எழும்பி முற்றத்தைச் சுற்றுகிறாள். இரண்டு வருடம் கழித்துச் சிவபாக்கியத்தின் மகளுக்குக் கலியாணம் ஒப்பேறியது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சிங்கராசா முதல் நாளே தாயின் வருத்தத்தைச் சொல்லிவிட்டான். அவர்கள் வீட்டிலும் அதே வருத்தக்காரர் ஒருவர் இருந்தார். கலியாணத்துக்கு அன்ரோனெற் குடும்பத்தோடு போனாள். பந்தலுக்குள் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கமாட்டாமல் சமையல் பக்கம் போய், சோற்றுக் கிடாரத்தில் கை வைத்தாள். பட்டுச் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கே ஏற்கனவே குழம்பு துழாவிக்கொண்டு நின்ற மனிசி சிவபாக்கியம்தான். இரண்டு பேரையும் சேர்த்து வெளியே துரத்த சிங்கராசாவும் அம்புறோசும் வரவேண்டியிருந்தது.